கால்சியம் 11.4 என்றால் அந்த பி.டி.எச். நார்மல் இல்லை

மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல். ஐம்பதை நெருங்கும் ஆசிரியை. உட்கார்ந்ததுமே, "கால்சியம் மட்டும் கொஞ்சம் கூட இருக்காம் டாக்டர், பாராதைராய்டு நார்மல்னு லேப்ல சொன்னாங்க" என்றார். கால்சியம் 11.4, தடித்த எழுத்தில் இருந்தது. பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச். 58; பக்கத்திலேயே 15–65 என்று அளவு போட்டிருந்ததால் சாதாரண எழுத்து. என்னை உறுத்தியது அந்த 58தான்.

கழுத்தில் தைராய்டின் பின்புறம் பருப்பளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே பி.டி.எச். சுரக்கும்; எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வீணாவதைக் குறைக்கும். கால்சியம் ஏறினால் சுரப்பு அடங்கும். ரத்தத்தில் இந்த ஹார்மோன் சில நிமிடங்களே தங்குவதால், அடங்கியது சீக்கிரமே அளவில் தெரியும். 11.4-ல் நல்ல சுரப்பி அநேகமாக வாயை மூடியிருக்கும். 58 காட்டுகிறது என்றால் அது சொல்பேச்சு கேட்கவில்லை.

தைராய்டு அறுவைக்குப் பின் விரல் மரத்து வருபவரிடம் இதே கதை தலைகீழாக நடக்கும். கால்சியம் 7.2, பி.டி.எச். 18 என்றால், அந்த 18 எல்லைக்குள் இருந்தாலும் போதாது. மக்னீசியம் குறைந்தாலும் சுரப்பி இப்படிச் சோர்ந்துபோகும். ஆனால் கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் 110 என்றால், வைட்டமின் டி-யையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்க்காமல் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். பல நேரம் சுரப்பி தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

ஆசிரியைக்கு ரத்தப் புரதமான ஆல்புமினைச் சேர்த்துக் கணக்கிட்டும் கால்சியம் அதிகம்தான். 24 மணி நேரச் சிறுநீரிலும் அதிகம். அது குறைவாக இருந்திருந்தால், அறுவை தேவைப்படாத ஒரு பரம்பரைக் கோளாறை யோசித்திருப்பேன். ஸ்கேன் எடுத்தது, இப்படி அடங்காமல் சுரக்கும் பாராதைராய்டு கட்டி எந்தப் பக்கம் என்று பார்க்க மட்டுமே. நோயை அதற்கு முன்பே ரத்தமும் சிறுநீரும் சொல்லிவிட்டன.

"கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. வாய்வழி வருவது குறைந்தால் அந்தச் சுரப்பி எலும்பைத்தான் இன்னும் சுரண்டும். அளவாகக் குடிக்கச் சொன்னேன். கால்சியம் மாத்திரை மட்டும் வேண்டாம் என்றேன்.

அறுவையில் இடது கீழ்ச் சுரப்பியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ரத்தம் அனுப்பினோம். பி.டி.எச். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சர்ஜன் தையல் போட ஆரம்பித்தார்.