பகுதிக் கூட்டத்தில் யார் பேசுவார்கள் என்பது எப்போது முடிவாகிறது?

வட சென்னையின் குடியிருப்புப் பகுதிகளில் மக்கள் கூட்டங்களை ஒருங்கிணைப்பது என் அன்றாடப் பணி. குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால், பட்டா என ஏதேனும் ஒரு பொருளை முன்வைத்து, உரிய துறை அலுவலர்களையும் தெருமக்களையும் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேச வைக்கிறோம். இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் யார் பேசப் போகிறார்கள் என்பது கூட்டம் நடக்கும் நாளில் முடிவாவதில்லை. நேரத்தையும் இடத்தையும் குறித்து நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது கொருக்குப்பேட்டையில். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகும் சில தெருக்களுக்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு, பிரதான சாலையில் இருந்த கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாற்காலிகள் நிறைந்தன, அலுவலர்களும் வந்தார்கள். ஆனால் பேசியவர்கள் பெரும்பாலும் சங்கப் பொறுப்பாளர்களும் கடை வைத்திருப்பவர்களுமே. அவர்கள் அனைவரும் ஒரே குரலில் கேட்டது சாலையை உயர்த்த வேண்டும் என்பதைத்தான். தண்ணீர் புகும் வீடுகளைச் சேர்ந்த பெண்கள் ஓரிருவரே வந்திருந்தனர். விசாரித்தபோதுதான் தெரிந்தது: அந்தத் தெருக்களுக்குத் தண்ணி லாரி வரும் நேரம் அது; குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மண்டபத்துக்கு வர யாராலும் முடியாது. வீட்டு வேலைக்குப் போகிறவர்களோ பிற்பகலில்தான் திரும்புவார்கள். யாருக்காகக் கூட்டம் போட்டேனோ அவர்களை நானே வெளியே நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பொருளுக்கு மறுபடியும் கூட்டம் வைத்தோம். இம்முறை இரவு 7 மணி, தெருமுனையில், ரேஷன் கடைக்கு எதிரே. வாடகை நாற்காலிகள் நாற்பது, முன்னால் பாய்கள், ஒரு ஒலிபெருக்கி, இரண்டு விளக்குகள். சாலையை உயர்த்துவது பற்றிய பேச்சு மறுபடியும் தொடங்கியபோது பாயில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா கையை உயர்த்தினார். "கால்வாத் தண்ணி ரோட்டு மேல ஏறி வர்ல சார். வாசல்ல மூடி இருக்குது பாரு, அதுலருந்துதான் மொதல்ல கொப்பளிச்சினு வருது. அப்பால தான் மழத் தண்ணி" என்றார். உதவிப் பொறியாளர் எழுந்து கைபேசி வெளிச்சத்தில் அவருடன் வீடு வரை நடந்தார். கதவு நிலையில் நீல பெயின்ட்டின் மேல் ஒரு முழ உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மழைநீர் மட்டுமே நின்றிருந்தால் அப்படிக் கறை படியாது, சாக்கடை கலந்திருக்கிறது என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

காரணம் அப்பகுதியின் அமைப்பிலேயே இருக்கிறது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து வெள்ளநீர் கேப்டன் காட்டன் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். கடலோரச் சமவெளி என்பதால் வாட்டம் மிகக் குறைவு. கனமழையில் கால்வாய் நிரம்பி, வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால், போக வேண்டிய தண்ணீர் வந்த வழியே திரும்பித் தாழ்வான தெருக்களில் மேலே வரும். அந்த நிலையில் சாலையை மட்டும் உயர்த்தியிருந்தால் வீடுகள் இன்னும் பள்ளமாகியிருக்கும். மண்டபத்துக் கூட்டத்தின் ஒருமித்த கோரிக்கை நிறைவேறியிருந்தால் அந்த ஆயாவின் வீட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே இப்போது கூட்டத் தேதியைக் குறிப்பதற்கு முன்பு, அப்பகுதியின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை நடந்து பார்த்துக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். காசிமேட்டில் விடியற்காலையும் முற்பகலும் மீன் வியாபாரத்துக்கு உரியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வைப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், அவர்கள் வாழ்வைத் தொடும் பொருள்களை அந்த நாட்களுக்கு ஒதுக்கலாம். மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை ஷிப்ட் முறையைக் கேட்காமல் நேரம் குறித்தால் தெருவில் பாதிப் பேர் வேலையிலோ உறக்கத்திலோ இருப்பார்கள். பள்ளிவாசல் அருகே என்றால் தொழுகை நேரம், தேர்வுக் காலம் என்றால் ஒலிபெருக்கியின் அளவு. இவையெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கு அன்றைய கூலி போகும் நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது நியாயமே அல்ல.

அனுமதிகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் கூடுவதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொது இடங்களில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், 9 மணிக்குள் முடியுமாறு திட்டமிடுவது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேடு இல்லாத வழியும், பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறையும் இருக்கிறதா என்று முன்தினமே நேரில் பார்த்துவிட வேண்டும்.

நோட்டீஸில் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "பகுதிப் பிரச்சினைகள்" என்று பொதுவாகப் போட்டால் பத்துத் துறை அலுவலர்களை அழைக்க வேண்டியிருக்கும்; வருகிற இரண்டு பேரும் இது எங்கள் துறை இல்லை என்பார்கள். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு, பெரிய கால்வாய்கள் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. இந்தப் பிரிவினை தெரியாமல் கூடிக் கலைந்த கூட்டங்கள் ஏராளம். அச்சடித்த தாளைவிட, சுய உதவிக் குழு அக்காக்கள் வீடு வீடாகச் சொல்வதற்கே கூட்டம் சேரும்.

கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறார் என்பது அடுத்து வருவது. அலுவலர் முதலில் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்துவிட்டால் அதன்பின் மக்கள் கேள்வி கேட்பவர்களாக மட்டுமே நின்றுவிடுகிறார்கள். நான் பாதிக்கப்பட்ட வீட்டார் மூவரை முதலில் பேச வைக்கிறேன், பிறகு அலுவலர், அதன்பின் ஆளுக்கு இரண்டு நிமிடம். மைக்கைக் கண்டால் கூச்சப்படுபவர்களிடம் நாமே போய் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். கட்சிக்காரர்களும் அத்தெருவாசிகள்தாம் என்பதால் அவர்களைத் தடுப்பது சரியல்ல. ஆனால் அவர்களுக்கும் அதே இரண்டு நிமிடம்தான்.

சட்டப்படியான கூட்டங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு பெரிய தொழில் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நடவடிக்கைகள் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். இறுதியில் மக்கள் சொன்னவற்றின் குறிப்பை அவர்கள் மொழியிலேயே அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். மணலி, எண்ணூர் வட்டாரத்தில் இத்தகைய கூட்டங்களுக்குச் செல்பவர்கள், வாசித்துக் காட்டும் வரை எழுந்து போகாமல் இருப்பது மிக முக்கியம். சொன்னது ஒன்றாகவும் எழுதியது ஒன்றாகவும் இருந்தால் திருத்தச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன்கீழ் பகுதி சபைகள் என்ற ஏற்பாடும் இருக்கிறது. தனிக் கூட்டம் போடும் முன், அந்தச் சபையில் இப்பொருளை வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வாசித்துக் காட்டும் பழக்கத்தைத் தெருக்கூட்டத்துக்கும் கொண்டுவந்திருக்கிறோம். நடவடிக்கைக் குறிப்பு ஒரே பக்கம்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். "ஆவன செய்யப்படும்" என்ற பதிலை நான் எழுதுவதில்லை. தேதி சொல்ல இயலாது என்றால் அப்படியே எழுதிக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயரும் தெருவும் போதும். கைபேசி எண்ணைத் தனித்தாளில், விரும்புபவர்களிடம் மட்டும் வாங்குங்கள். எல்லோரும் பார்க்கும் ஏட்டில் எழுதச் சொன்னதால், தொல்லை தரும் தொலைபேசி அழைப்புகளுக்கு ஆளான ஒரு பெண் அதன்பின் எங்கள் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கொருக்குப்பேட்டைக் கூட்டத்தின் குறிப்பில் எட்டு வேலைகள் இருந்தன. அலுவலர்கள் கையொப்பமிட்ட அந்தப் பக்கத்தின் நகலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். வேலை முடிந்ததும் அத்தெருப் பெண்களே எதிரே தேதியை எழுத வேண்டும் என்று பேசி வைத்தோம். வடிகால் தூர்வாரியது, உடைந்த இரண்டு மூடிகளை மாற்றியது என மழைக்கு முன் ஐந்து வரிகளுக்கு எதிரே தேதி விழுந்தது. மீதி மூன்றில் ஒன்று, கால்வாயில் வடிகால் சேரும் இடத்தில் தண்ணீர் திரும்பாதபடி தடுப்புக் கதவு அமைப்பது. அதையே அடுத்த கூட்டத்தின் ஒரே பொருளாக வைத்து, நீர்வளத் துறைக்குக் கடிதம் கொடுத்தோம். நேரம் அதே இரவு 7 மணி.