ஹாப்ஸ் கசடு நொதிகலனுக்குள் போகாமல் இருக்க

கொதி முடிந்து வோர்ட்டைக் (மால்ட் எனும் முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) குளிர்வித்ததும், பானைக்கும் நொதிகலனுக்கும் நடுவே ஒரு வலைவடிகட்டியைப் பிடித்தால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசடெல்லாம் அதில் நின்றுவிடும் என்றுதான் வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கும் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று லிட்டர் இறங்கியதும் வலை அடைத்துக்கொள்கிறது. வோர்ட் விளிம்பில் வழிகிறது. கையில் கிடைத்த கரண்டியால் வலையைச் சுரண்டுகிறார்கள். அந்தக் கரண்டி கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்காது. கசடைத் தடுக்கப் போய்க் கிருமியை உள்ளே விட்டதுதான் மிச்சம். கசடு பிரிய வேண்டிய இடம் பானை. வடிகட்டி கடைசிக் காவல் மட்டுமே.

முதலில் பார்க்க வேண்டியது, போட்ட ஹாப்ஸ் பெல்லட்டா முழுப் பூவா என்பது. பொடித்து அழுத்திய பெல்லட் கொதியில் கரைந்து பச்சைச் சேறாகிவிடும். முழுப் பூ அப்படிக் கரையாது. பானையின் அடியில் துளைத்தட்டோ வலைக்குழாயோ இருந்தால், அதன்மேல் பூக்களே ஒரு வடிகட்டும் படுகையாக அமைந்து வோர்ட்டைத் தெளிவாக இறக்கும். அதே வலைக்குழாயைப் பெல்லட்டுக்குப் பயன்படுத்தினால் சில நிமிடங்களில் அடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே கருவி போதும் என்று வாங்குவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. இங்கே சொல்வது பெரும்பாலும் பெல்லட்டுக்கானது.

பெல்லட்டுக்குச் சிறந்த வழி சுழற்சி. குளிர்விக்கும் சுருளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். சுருள் உள்ளே இருந்தால் நீர் சுழலாது. கிருமிநீக்கம் செய்த நீண்ட கரண்டியால் ஒரே திசையில் ஒன்றிரண்டு நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். நடுவில் குழி விழுந்ததும் கரண்டியை எடுத்து, மூடியைப் போட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். சுழலும் நீரின் அடிப்பகுதி பானையின் தரையோடு உரசி வேகம் குறைகிறது. அதனால் தரையை ஒட்டி ஒரு நீரோட்டம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகிறது, கசடையும் இழுத்துச் செல்கிறது. கலக்கிய தேநீரில் இலைத்தூள் கோப்பையின் நடுவில் குவிவதும் இதனால்தான். ஐன்ஸ்டைன் 1926-இல் ஆறுகள் வளைந்து ஓடுவதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் நடுவில் ஒரு மேடு நிற்கும், சுவரோரம் தெளிந்திருக்கும். மேடு பரந்து தட்டையாகக் கிடந்தால், நீர் நிற்பதற்குள் யாரோ மீண்டும் கலக்கியிருப்பார்கள், அல்லது காத்திருந்த நேரம் போதவில்லை.

இந்த மேடு இறுகி நிற்க, மால்ட்டிலிருந்து வரும் புரதக் கசடும் திரண்டிருக்க வேண்டும். கொதியின் கடைசி 10–15 நிமிடத்தில் ஐரிஷ் மாஸ் என்ற உலர்ந்த கடற்பாசி ஒரு தேக்கரண்டியோ, அதே வேலையைச் செய்யும் விர்ல்ஃப்ளாக் அரை மாத்திரையோ 20 லிட்டருக்குச் சேர்ப்பது இதற்காகத்தான். அவற்றில் இருக்கும் கராஜீனன் புரதத்தோடு ஒட்டிப் பெரிய திரளாகிக் கீழே இறங்குகிறது. கொதியின் தொடக்கத்திலேயே போட்டால் நீண்ட கொதியில் சிதைந்து பயனில்லாமல் போகும்.

வோர்ட்டை இறக்கும்போது எப்போதும் சுவரோரத்திலிருந்து எடுங்கள். பானையில் குழாய் இருந்தால் உட்புறக் குழல் நடுவை நோக்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள். முழுக்கத் திறந்தால் வேகம் மேட்டை இடித்து இழுத்துவிடும். முதலில் வரும் அரை லிட்டரில் குழலுக்குள் தங்கிய கசடு இருக்கும். அதைத் தனிக் குவளையில் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து வால்வின் உள்ளே தேங்கிய பழைய வோர்ட் கிருமிக்கு வசதியான இடம். கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் வோர்ட்டையே கொஞ்சம் அதன் வழியே உலோகக் குவளையில் பிடித்துப் பானையிலேயே திருப்பி ஊற்றினால் வால்வு சுத்தமாகிவிடும். கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வோர்ட் சர்க்கரைப் பாகு. தோலில் ஒட்டி நின்று வெந்நீரைவிட ஆழமாகச் சுடும்.

குழாய் இல்லாத பானைக்கு சைஃபன், அதாவது மேலிருந்து கீழே திரவத்தை இழுத்து இறக்கும் குழல். பானையை ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து நிறுத்திய பிறகே சுழற்றித் தெளியவிடுங்கள், தெளிந்தபின் நகர்த்தினால் எல்லாம் கலங்கும். சைஃபன் குழலின் முனையில் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்நாரைச் சுற்றிக் கட்டலாம். சோப்புப் படாத புதிய நார், பத்து நிமிடம் கொதிக்கவைத்தது. முனையை முதலில் மேற்பரப்புக்குக் கீழே சிறிது ஆழத்தில் வைத்து, மட்டம் இறங்க இறங்கத் தாழ்த்துங்கள். வாயால் உறிஞ்சித் தொடங்குவது வேண்டவே வேண்டாம். வாயில் லாக்டிக் அமிலப் பாக்டீரியா ஏராளம். ஈஸ்ட் இன்னும் சேராத வோர்ட்டைப் போல அவற்றுக்கு உகந்த உணவு வேறில்லை. குழாயைச் சானிடைசரால் நிரப்பித் தொடங்குங்கள், அல்லது தானியங்கி சைஃபன் பயன்படுத்துங்கள்.

வோர்ட் 80 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனபின் அதைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கம் ஆகியிருக்க வேண்டும்: புனல், வலை, கரண்டி, உங்கள் விரல் உட்பட. ஸ்டார் சான் வகை அமிலச் சானிடைசர் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லிலிட்டர் அளவில் கரைத்து, ஒன்றிரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும். ஆனால் வலையின் கண்களில் போன தடவையின் பச்சைப் பிசின் ஒட்டியிருந்தால் எந்தச் சானிடைசரும் அதன் அடியில் போய்ச் சேராது. சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகே சானிடைசர்.

கொதியிலேயே ஹாப்ஸைப் பைக்குள்ளோ வலைக்கூடைக்குள்ளோ போடுவது இன்னொரு வழி. 300 மைக்ரான் எஃகு வலைக்கூடை பெல்லட்டுக்குப் பொருந்தும். அதைவிட நுண்ணிய வலை அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் கலக்காமல் நிற்கும். பை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பெல்லட் ஊறிப் பெருகி, இறுக்கமான உருண்டையாகி, நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். கசப்பு குறையும் என்பதால் கசப்புக்கான ஹாப்ஸைப் பத்து சதவீதம் கூட்டிப் போடுவது வழக்கம். சூடாக இருக்கும்போதே இடுக்கியால் தூக்கி வடியவிட வேண்டும். ஆறியபின் கையால் பிழிந்தால் நுண்துகளும் கையின் கிருமியும் சேர்ந்து பானைக்குள் போகும். பையைவிடச் சுழற்சியையே பரிந்துரைக்கிறோம். ஆனால் தட்டுச் சில்லர் (நெருங்கிய உலோகத் தட்டுகளுக்கு நடுவே வோர்ட்டை ஓட்டிக் குளிர்விக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு வலைக்கூடை கட்டாயம். அதன் குறுகிய இடுக்குகளில் சிக்கிய பெல்லட் துகளைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, எளிதில் எடுக்கவும் முடியாது.

எந்த முறையானாலும் கெடுப்பது கடைசி லிட்டரின் மேல் உள்ள ஆசை. ஒரு கிராம் ஹாப்ஸ் ஏறக்குறைய 5 முதல் 10 மில்லிலிட்டர் வோர்ட்டை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். 100 கிராம் போட்டால் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை அதிலேயே போய்விடும். புரதக் கசடு இன்னொரு பங்கை எடுக்கும். பானையைச் சாய்த்து மீட்கப் பார்த்தால் மேடு முழுவதும் சரிந்து வரும். இதைக் கணக்கில் முன்பே சேர்த்துவிடுங்கள். நொதிகலனில் 20 லிட்டர் வேண்டுமானால் கொதி முடிவில் 23 லிட்டர் இருக்கட்டும். ஆறும்போது சுமார் 4 சதவீதம் சுருங்கி 22 ஆகும், 2 லிட்டரைக் கசடோடு விடலாம். விட மனமில்லையென்றால், சுத்தமான மூடிய ஜாடியில் ஊற்றி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் ஈஸ்ட் ஸ்டார்ட்டருக்கு (ஈஸ்டை முன்கூட்டியே பெருக்கும் சிறு கலவை) ஆகும்.

கொஞ்சம் கசடு உள்ளே போய்விட்டால் பீர் கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். புரதக் கசடில் இருக்கும் கொழுப்பும் துத்தநாகமும் ஈஸ்டுக்கு உதவுகின்றன. மெல்லிய மூட்டம் நொதித்தல் முடிவில் அடியில் படிந்துவிடும். நிறையப் போனால்தான் தொல்லை: அடியில் படியும் ஈஸ்டை மறுமுறைக்கு எடுக்க முடியாது, பாட்டிலில் அடைக்கும்போது குழல் அடைக்கும்.

அதைவிட முக்கியமானது ஏர்லாக், அதாவது நொதிகலனின் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு. பொங்கி எழும் நுரை ஹாப்ஸ் துகளை மேலே தூக்கி வரும். மூன்று துண்டு ஏர்லாக்கின் அடியிலுள்ள குறுகிய துளைகளில் அது சிக்கினால் வாயு வெளியேற வழியிருக்காது. பிளாஸ்டிக் வாளியென்றால் மூடி எகிறும். கண்ணாடிக் கலன் உடைந்து சிதறக்கூடும். கலனில் நான்கில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். கசடு அதிகம் போயிருந்தாலோ நொதித்தல் வேகமாக இருக்கும் என்று தெரிந்தாலோ, முதல் மூன்று நாட்களுக்கு 25 மில்லிமீட்டர் அகலக் குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சானிடைசர் பாத்திரத்தில் மூழ்கவையுங்கள். அடைத்துவிட்ட ஏர்லாக்கைக் கண்டால் முகத்தை மேலே கொண்டுபோகாமல், ஈரத்துணியால் போர்த்தி மெல்லத் தளர்த்துங்கள்.

பானையில் எஞ்சிய பச்சைச் சேற்றை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. கொதித்து முடிந்த ஹாப்ஸும் அப்படியே. மால்ட் இனிப்பு கலந்திருப்பதால் நாய் அதை விரும்பித் தின்னும். தின்றால் கடுமையாக மூச்சிரைக்கும், இதயத் துடிப்பு எகிறும், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். திறந்த எருக்குழியில் கொட்டாமல், கட்டிய பையில் மூடிய தொட்டியில் போடுங்கள். நாய் தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், ஹாப்ஸ் தின்றிருக்கிறது என்று பெயரைச் சொல்லியே தெரிவியுங்கள்.