வெள்ளிக்கிழமையில் மீன் மணம்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டுக்குச் சீலிங் ஃபேன் பூட்டப் போயிருந்தேன். ஏணியில் நிற்கும்போது அந்த வீட்டு அம்மா சொன்னார்: "இண்டைக்கு வெள்ளி, மரக்கறிதான் மனே. ஆனா குசினிக்குள்ள மீன் மணக்குது. எலி கிலி செத்துக் கிடக்கோ தெரியா."

ஃபேனை விட்டுவிட்டு இறங்கினேன். கேத்தல் செருகியிருந்த சொக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றித் தேநீர் நிறத்தில் வளையம். மெயினை அணைத்துத் தட்டைக் கழற்றினால், திருகாணி தளர்ந்து கிடக்கிறது. வயரின் உறை கறுத்து, வளைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

கேத்தல் இழுப்பது கிட்டத்தட்ட 10 அம்பியர். தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 வாட் வெப்பம். சின்ன எல்.ஈ.டி. பல்ப் அளவுதானே என்று தோன்றும். சரி, ஆனால் அத்தனையும் ஒரு திருகாணி முனையில், சுவருக்குள். இதற்கு ட்ரிப் சுவிச் விழாது. மின்னோட்டம் கூடவும் இல்லை, கசியவும் இல்லை.

வெள்ளை சொக்கெட்டுகள் பலவும் யூரியா ஃபோமல்டிகைட்டுப் பிசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது உருகி வழியாது. சூடு ஏறினால் சிதைந்து அமைன் எனப்படும் நைதரசன் சேர்ந்த வாயுக்களை விடும். பழுதான மீனின் மணமும் அமைன்களால்தான். அந்தச் சொக்கெட் முந்தின நாட்களிலும் மணத்திருக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில், குழம்பு கொதிக்கிற நாளில் யார் கவனிப்பார்?

வயரின் உறை பிவிசி. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன அந்தப் பிளாஸ்டிக்கின், அதாவது பல்பகுதியத்தின், எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரீன். சாதாரண வீட்டு வயர் தாங்குவது 70 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் நாட்கணக்கில் வெந்தால், உறையை வளையவைக்கும் எண்ணெய் மெல்ல ஆவியாகிவிடும். காற்றின் ஒட்சிசன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கும். ஐதரசன் குளோரைட்டு என்ற அமில வாயு கழன்று வரும். வந்ததே மிச்சத்தையும் கழற்றத் தூண்டும். அதனால்தான் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று வேகம் பிடிக்கிறது. அந்த அமிலம் செம்பையும் அரிக்கும், அரித்த இணைப்பு இன்னும் சுடும்.

கேத்தல் கொதித்ததும் சுவிச்சை அணைத்து, பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அந்த இடத்தைப் பாவிக்க வேண்டாம்.

கருகிய வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டி, புதுச் சொக்கெட் பூட்டினேன். "கேத்தல் பழுதில்லையே மனே?" என்றார் அம்மா. பிளக்கைத் திருப்பிக் காட்டினேன். ஒரு பின் கறுத்திருந்தது. அதை மாற்றாமல் செருகினால் புதுச் சொக்கெட்டும் மீன் மணக்கத் தொடங்கும்.