எழுத்தே தெரியாத பிள்ளைக்கு நூலகம் எதற்கு?

"இதுல எழுத்தே இல்லியே மிஸ், இத வெச்சிக்கினு எம்புள்ள இன்னா படிக்கும்?" தண்டையார்பேட்டைப் பக்கம் மழலையர் வகுப்பு நடத்தும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. படப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அம்மாக்கள் தேடுவது அ, ஆ-வைத்தான். அது இல்லையென்றால் பொம்மைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

எழுத்தைக் கண் பிடிப்பதற்கு முன் ஒலியைக் காது பிடிக்க வேண்டும். கல் வேறு, கால் வேறு. படு வேறு, பட்டு வேறு என்று காதில் ஏறிவிட்ட பிள்ளைக்குத் துணைக்காலும் புள்ளியும் எதற்கு என்பது பின்னால் தானே விளங்கும். காதில் ஏறாத பிள்ளை 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கும். 'பாடம்' என்று எழுதிக் காட்டினால் 'படம்' என்று வாசிக்கும். இரண்டாம் வகுப்பில் "எழுத்துக் கூட்டவே வரல" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகளில் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான்.

காதைப் பழக்க எதுகையைப்போல் மலிவான வழி வேறில்லை. அதிலும் நம் பேட்டைப் பிள்ளைகள் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் கானா கேட்டு வளர்கிறவர்கள். பேச்சு முழுசாக வருவதற்கு முன்பே சோற்றுத் தட்டில் தாளம் போடுவார்கள். அந்தக் காதை வகுப்பு வாசலில் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, அர்த்தம் புரியாத இங்கிலீஷ் ரைம்ஸை செல்போனில் போட்டுக் காட்டுகிறோம். இங்கிலீஷ் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது. அதில் ஓசை பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒத்து வரும். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். நம் பாட்டுக்கு உயிர் கொடுப்பது முதலெழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. கொருக்குப்பேட்டையில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கும் இது அந்நியமில்லை. தெலுங்குச் செய்யுளில் வரும் பிராசையும் இரண்டாம் எழுத்தில்தான் விழுகிறது.

வகுப்பில் நாங்களே படம் வரைந்து, தைத்து வைத்திருக்கும் ஒரு சின்னப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி:

நண்டு வந்தது கரையோரம்
வண்டு வந்தது மரத்தோரம்
ரெண்டும் போனது நூலகம்
உண்டா அங்கே கதைப்புத்தகம்?

முதல் தடவை முழுசாக வாசித்துக் காட்டுவேன். அடுத்த தடவை வண்டு படத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்வேன். படம் பாதி சொல்லும், ஓசை மீதி சொல்லும். சொல் பிள்ளை வாயிலிருந்து வரும். பிறகு ஆளாளுக்கு எடுத்துவிடுவார்கள்: துண்டு, குண்டு, சுண்டல்! ஒருமுறை ஒரு பையன் 'பிண்டு' என்றான். அப்படி ஒரு சொல் இல்லையே என்று திருத்தக் கூடாது. அவன் காது சரியாக வேலை செய்கிறது, நமக்கு அதுதான் வேண்டும். அதே புத்தகத்தையே மறுபடி மறுபடி கேட்பார்கள். பெரியவர்களுக்குச் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது.

புத்தகம் வாங்கும்போது ஒரு கவனம். வேறு மொழியில் பாட்டாக இருந்ததைத் தமிழில் வெறும் பொருளாக மாற்றிய புத்தகங்கள் நிறைய வருகின்றன. படம் அழகாக இருக்கும், வரி கட்டையாகக் கிடக்கும். கடையிலேயே ரெண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் படத்துக்காக மட்டும் வாங்கலாம், பாட்டுக்காக வேண்டாம்.

இனி நூலகம். நம் பக்கத்துக் கிளை நூலகங்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள்: பேப்பர் படிக்கும் தாத்தாக்கள், டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கும் அண்ணன்கள், அக்காக்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போனால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்ற கூச்சத்திலேயே பல வீடுகளில் பத்தாம் வகுப்பு வரை யாரும் அந்தப் படி ஏறுவதில்லை. அதனால் போவதற்கு முன்பே வகுப்பில் நூலகம் நடத்திவிடுகிறோம். ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகம், முதுகு தெரியாமல் அட்டை தெரியும்படி அடுக்கியது. ஒரு பிள்ளை நூலகர். ஒரு அட்டை, ஒரு தேதி முத்திரை. முத்திரை குத்துவதற்கு நடக்கும் அடிதடி தனிக் கதை.

மூன்று வயதுக்குக் கஷ்டம் திருப்பித் தருவது. "என்னுது" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழும். பிடுங்க வேண்டாம். "நீ குடுத்தா நண்டு கதைய அவ படிப்பா, அவ குடுத்தா யானைக் கதைய நீ படிப்ப" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே எழுதி வைத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்ததும் 1948-ல் இந்தச் சென்னை மாகாணத்தில்தான். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதில் பங்கு தருகிறார். ஆகவே பிள்ளையோடு உள்ளே போக யாரிடமும் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் சில இடங்களில் படப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. "கிழிச்சிடுவாங்க மேடம்" என்பார்கள். கிழிப்பார்கள்தான். மெல்லிய தாளும் சோற்றுக் கஞ்சியும் இருந்தால் பிள்ளைகளை வைத்தே ஒட்டலாம். செலோ டேப் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துவிடும். பத்துப் பிள்ளை படித்துக் கிழிந்த புத்தகத்தைக் கழிவில் எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. பளபளவென்று பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போங்கள். முதல் நாள் கால் மணி நேரம் போதும். உறுப்பினராகக் கட்ட வேண்டியது சிறு தொகைதான், உங்கள் பெயரில் அட்டை வாங்கிப் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கலாம். "சின்னப் பிள்ளைங்க புத்தகம் எங்க இருக்கு சார்?" என்று கேளுங்கள். பீரோவைக் காட்டினால் சாவியையும் கேளுங்கள்.