மேலே போகாத பந்தை நாம் ஏன் பார்க்கிறோம்?

டர்பன் நகரின் மெர்பேங்கிலிருந்து வாசகி ஒருவர், தம் பேரனுடைய பள்ளியில் நடந்த மாயவித்தை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். மேடையில் நின்றவர் ஒரு சிவப்புப் பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்தாராம். மூன்றாம் முறை எறிந்த பந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தரத்தில் மறைந்துவிட்டதாம். "பந்து மேலே போனதை நான் பார்த்தேன், பேரனும் பார்த்தான். அவர் எங்கள் எல்லோரையும் மயக்கிவிட்டாரா, இல்லை அவரிடம் உண்மையிலேயே ஏதாவது சக்தி இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

மூன்றாம் முறை பந்து எறியப்படவே இல்லை. அது அவருடைய கையிலேயே இருந்தது. ஆயினும் வாசகி பொய் சொல்லவில்லை, கவனக்குறைவாக இருந்துவிடவும் இல்லை. இல்லாத ஒரு பந்து மேலே போவதை அவர் உண்மையாகவே கண்டிருக்கிறார் என்பதுதான் இதில் வியப்பு.

கையின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டுக்கும் சுண்டுவிரல் பக்கத்துச் சதைமேட்டுக்கும் நடுவில் பந்தை இறுக்கிக்கொண்டால், விரல்கள் பிடிக்காமலே அது உள்ளங்கையில் தங்கிவிடும். புறங்கையை அவையோர் பக்கம் திருப்பி, விரல்களைத் தளர்வாக விட்டால், கை வெறுங்கையாகவே தோன்றும். இதைப் பழக ஒரு சிறுவனுக்குச் சில வாரங்கள் போதும். மற்ற வேலையைச் செய்துகொடுப்பது நம் மூளை.

விழித்திரையில் விழும் ஒளி மின்குறிப்பாக மாறி, பார்வை நரம்பின் வழியே மூளையின் பின்பகுதியை அடைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தப் பயணத்துக்கும் அதன்பின் நடக்கும் அலசலுக்கும் சேர்ந்து ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி செலவாகிறது. இது அற்பமான நேரமாகத் தோன்றலாம். ஆனால் டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து அந்த நேரத்துக்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் கடந்துவிடும். மட்டையாளருடைய மூளை பழைய செய்தியை மட்டும் நம்பியிருந்தால், பந்து இருக்கும் இடத்துக்கு 4 மீட்டர் பின்னால் அல்லவா அவர் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பார்? அப்படி நேராததற்குக் காரணம், நகரும் பொருள் அடுத்து எங்கே இருக்கும் என்பதை மூளை இடைவிடாமல் முன்கூட்டியே கணித்துவருவதுதான். 1984-இல் ஜெனிஃபர் ஃப்ரைட், ரொனால்டு ஃபிங்க்கே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இந்தக் கணிப்பின் ஒரு தடயத்தைக் காட்டினார்கள். சுழல்வதுபோல் அடுத்தடுத்துக் காட்டப்பட்ட ஒரு செவ்வகம் கடைசியாக எந்தக் கோணத்தில் நின்றது என்று கேட்டபோது, அது நின்ற இடத்தைத் தாண்டிச் சற்று முன்னே போய்விட்டதாகவே மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

மேடையிலிருப்பவர் கைவைப்பது இந்தக் கணிப்பில்தான். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மேசைக்குப் பின்னால் அமர்ந்தபடி பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் இதே வித்தையைச் செய்துபார்த்து, அதன் முடிவை 1900-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். எறியப்படாத பந்து மேலே போய் மறைந்ததாக ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் சொன்னார்கள். ஆயினும் அந்தப் பிள்ளைகளின் கண்கள் அப்போது எங்கே இருந்தன என்பதை அறியும் கருவி அவரிடம் இல்லை.

அந்தக் கருவியோடு இந்த வித்தையை மீண்டும் கையில் எடுத்தவர் குஸ்தாவ் கூன். முதலில் தாமே மாயவித்தைக்காரராக இருந்து, பிறகு உளவியலுக்கு வந்தவர் அவர். கண்ணசைவு ஆய்வில் பெயர்பெற்ற மைக்கேல் லேண்டோடு சேர்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நான் படித்தவற்றுள் மிக அழகானவற்றில் ஒன்று. இரண்டு காணொளிகளைத் தயாரித்தார்கள். ஒன்றில், பொய்யாக எறியும்போது வித்தைக்காரர் இல்லாத பந்தைத் தம் பார்வையால் மேல்நோக்கித் தொடர்ந்தார். மற்றொன்றில், பந்தை ஒளித்திருக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் காணொளியைக் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைப் பார்த்ததாகச் சொல்ல, இரண்டாவதில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. திரைக்கு மேலே யாரோ பந்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு.

அவர்களுடைய கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியோ வேறு கதை சொன்னது. பந்து உண்மையாக எறியப்பட்டபோது அவர்களின் கண்கள் திரையின் மேற்பகுதி வரை அதைப் பின்தொடர்ந்தன. பொய்யாக எறியப்பட்டபோது, மேலே பார்த்ததாக உறுதியாகச் சொன்னவர்களின் கண்கள்கூடப் பெரும்பாலும் அங்கே போகவில்லை. வித்தைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழேயே நின்றுவிட்டன. கண்ணைக் கட்டிவிட்டார் என்று நாம் சொல்லும் இடத்தில் கண் ஏமாறவே இல்லை. கண்ணை இயக்கும் பகுதி பந்து போகவில்லை என்பதற்கு ஏற்ப நடந்துகொள்ள, "நான் பார்க்கிறேன்" என்ற அனுபவத்தை உண்டாக்கும் பகுதி தன் கணிப்பையே காட்சியாக நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரே தலைக்குள், ஒரே நொடியில், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடக்கின்றன. இதைப் படித்த பிறகு, கண்ணால் கண்ட சாட்சி என்ற சொல்லை முன்போல் எளிதாக ஏற்க என்னால் முடியவில்லை.

முகமும் பார்வையும்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அத்தோடு முடித்துவிடவும் முடியாது. 2016-இல் சிரில் தோமா, ஆந்திரே திதியெர்ஜான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் வித்தைக்காரரின் முகத்தை முகமூடியால் மறைத்துவிட்டு இதைச் செய்து பார்த்தார்கள். அப்போதும் பந்து மேலே போய் மறைந்தது. பார்வை உதவுகிறது, ஆனால் அது இன்றியமையாதது அன்று. எறியும் கையின் அசைவே கணிப்பைத் தூண்டிவிடப் போதுமானதாக இருக்கிறது.

தொழில்முறை வித்தைக்காரரின் வாழ்க்கை ஏன் அவ்வளவு நீண்ட பயிற்சியாக இருக்கிறது என்பதும் இதிலிருந்து புரியும். பந்தை ஒளிப்பதை அவர் எப்போதோ கற்றுவிட்டார். பொய்யாக எறியும் அசைவு உண்மையாக எறியும் அசைவிலிருந்து இம்மியும் மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டுக்கணக்கில் கண்ணாடிக்கும் ஒளிப்படக் கருவிக்கும் முன்னால் நிற்கிறார். உண்மையாக எறியும்போது தோள் சற்றுத் தாழ்கிறது, மணிக்கட்டு கடைசி நேரத்தில் மேல்நோக்கிச் சொடுக்குகிறது, பந்தின் எடை போனதும் கை சற்றே மேலே துள்ளுகிறது. கையில் பந்து இருக்கும்போதே இந்தத் துள்ளலை நடித்துக் காட்டுவதுதான் கடினம். பிறந்தநாள் விழா, தீபாவளி நிகழ்ச்சி, திருமண வரவேற்பு, நிறுவனங்களின் ஆண்டிறுதி விருந்து என்று ஓடி, ஒரு மாதம் கை நிறையவும் மறுமாதம் வெறுங்கையுமாகப் பிழைப்பு நடத்துபவர்கள், யாரும் கவனிக்கக்கூடாத அந்தத் துள்ளலுக்காக இத்தனை பாடுபடுகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டாகிறது.

நம் தென்னாப்பிரிக்காவில் இதை முறையாகக் கற்றுத்தரும் இடமும் உண்டு. கேப் டவுனின் கிளேர்மான்ட் பகுதியில் இருக்கும் மாயவித்தைக் கல்லூரி 1980-இல் டேவிட் கோர் என்பவரால் தொடங்கப்பட்டது. இன ஒதுக்கல் சட்டங்கள் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் அடைத்திருந்த காலத்தில், எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் கற்க அது இடம் கொடுத்தது.

வாசகியின் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் பதில் சொல்லவேண்டும். மேடையிலிருப்பவருக்குச் சக்தி எதுவும் இல்லை. தமக்கு அது உண்டு என்று அவர் காசு வாங்குவதும் இல்லை. கவலைக்குரியவர்கள், இதே கைத்திறனை வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்திலிருந்து செய்வினை எடுக்கிறேன் என்று நோயாளிகளின் வீட்டுக்கு வருபவர்கள்தான். மாய்ந்து மாய்ந்து சேர்த்த பணத்தையும், மருத்துவமனைக்குப் போயிருக்கவேண்டிய நாட்களையும் அவர்களிடம் இழந்த குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாராலும் பெறமுடியவில்லை. அத்தகைய ஒருவர் இன்று நம்மிடையேயும் தேவை.

மாயவித்தையை ஆராய்வதற்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கண் பார்ப்பதும் நாம் காண்பதும் வேறுபடுவது மேடையோடு நின்றுவிடுவதில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டிகளைத் தேடிக்கொண்டிருந்த 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர், அதே படத்தில் செருகப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அதுவோ வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. சாலைகளில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோரை இழக்கும் இந்த நாட்டில், ஓட்டுநர் ஒருவர் நேராகப் பார்த்தும் எதிரே வரும் மோட்டார் சைக்கிளை ஏன் காண்பதில்லை என்பதை ஆராய்வதற்குச் செலவாகும் பணம் வீண் ஆகாது.

பேரன் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சிறிய பந்து ஒன்றை இருமுறை உண்மையாக எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை கையிலேயே நிறுத்திக்கொண்டு, பார்வையை மட்டும் மேலே அனுப்பட்டும். பிறகு, "பந்து எங்கே?" என்று கேட்காமல், "கடைசியாகப் பந்தை எந்த உயரத்தில் பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தைச் சுவரில் குறித்து வைக்கட்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் எல்லாக் குறிகளும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.