வரையறுக்கப்படாத சொற்கள்: புள்ளி, கோடு, தளம்

வட்டத்துக்கு வரையறை உண்டு, முக்கோணத்துக்கு உண்டு, இணைகரத்துக்கும் உண்டு. புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கு மட்டும் கிடையாது. இவை 'வரையறுக்கப்படாத சொற்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பாடநூல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், படிக்கிறவருக்கோ யாரோ செய்ய மறந்த வேலை மாதிரித் தோன்றும். மறதி இல்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

வட்டம் என்றால் தளத்தில் ஒரு புள்ளியிலிருந்து சமதூரத்தில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும். சரி, புள்ளி என்றால்? ஓர் இடம். இடம் என்றால்? இப்படியே கேட்டால் ஒன்று முடிவே வராது, இல்லையென்றால் சுற்றிவிட்டுத் தொடங்கிய சொல்லுக்கே வந்து நிற்போம். தொல்காப்பியர் உரியியலில் 'பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே' என்கிறார், அதாவது பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. அவர் பேசியது சொற்பொருளைப் பற்றி, வடிவியலைப் பற்றி அல்ல, ஆனால் சிக்கல் அதேதான். எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும், வடிவியல் இந்த மூன்றில் நிறுத்துகிறது.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் நிறுத்தாமல் முயன்று பார்த்தார். பகுதி இல்லாதது புள்ளி, அகலமில்லாத நீளம் கோடு என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பகுதி என்றால் என்ன, அகலம் என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை, பின்னால் வரும் நிரூபணங்களில் இந்த வரிகளுக்கு வேலையும் இல்லை. ஜெர்மன் கணிதவியலாளர்களான மோரிட்ஸ் பாஷ் 1882-இலும் டேவிட் ஹில்பர்ட் 1899-இலும் இந்த முயற்சியைக் கைவிட்டார்கள். புள்ளி எது என்று கேட்காதே, புள்ளியும் கோடும் தமக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் விதியாகச் சொல் என்பது அவர்கள் வழி. புள்ளி, கோடு, தளத்துக்குப் பதிலாக மேசை, நாற்காலி, பீர்க்குவளை என்று வைத்தாலும் வடிவியல் நிற்க வேண்டும் என்று ஹில்பர்ட் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. விளையாட்டுப் பேச்சு இல்லை அது. மூன்று பேரைப் புள்ளிகள் என்றும் இருவர் சேர்ந்த ஒவ்வொரு ஜோடியையும் ஒரு கோடு என்றும் வைத்துப் பாருங்கள், 'இரு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடு' என்ற விதி அப்படியே பொருந்தும்.

இனி சொற்கள். யூக்ளிட் புள்ளிக்கு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு 'அடையாளம்' என்று பொருள், லத்தீனில் அது 'குத்திய தடம்'. லத்தீனில் கோட்டுக்கான சொல் ஆளிநார் நூலிலிருந்து வந்தது. தமிழில் புள்ளி பழைய சொல்தான், மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. தளம் நாம் வீட்டில் சொல்கிற அதே தளம், ஆனால் கணிதத்தில் அதற்குத் தடிமனும் இல்லை, ஓரமும் இல்லை.

சுவாரசியமானது கோடுதான். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். 'ஒருபால் கோடாமை' என்று குறள் சொல்வது அதைத்தான். யானைத் தந்தமும் மலை உச்சியும் மரக்கிளையும்கூடக் கோடு. வளைவைச் சொல்லும் வேரையுடைய சொல் இன்று வளையவே வளையாத ஒன்றுக்குப் பெயர், அதனால்தானோ என்னவோ அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நேர்கோடு' என்று அடை சேர்க்கிறோம்.

'வரையறுக்கப்படாத' என்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, குறை சொல்கிற தொனி இருக்கிறது. 'முதற்சொற்கள்' என்றால் இவற்றிலிருந்துதான் மற்றவை கிளம்புகின்றன என்பது தெரியும். தேர்வில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

அப்புறம், அளவுகோல் வைத்து நாம் போடுவது கோடு இல்லை, கோட்டுத்துண்டு. கோடு இரு பக்கமும் முடியாமல் போகும், கதிர் ஒரு பக்கம் மட்டும். துண்டுக்கும் கதிருக்கும் வரையறை உண்டு, அதற்கு ஒரு புள்ளி வேறு இரு புள்ளிகளுக்கு 'இடையில்' இருக்கிறது என்ற உறவு வேண்டும். ஹில்பர்ட் அந்த 'இடையில்' என்பதையும் வரையறுக்காமலே வைத்துக்கொண்டார்.