முடுக்கி: வூடூ அட்டைகளோடு வந்துபோன ஒரு சொல்

1990களின் நடுவில் வந்த கம்ப்யூட்டர் விளம்பரங்களைப் பார்த்தால் ‘கிராபிக்ஸ் கார்டு’ என்பதைவிட ‘3டி ஆக்சிலரேட்டர்’ என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குத் தமிழ் முடுக்கி. விரித்துச் சொன்னால் முப்பரிமாண வரைகலை முடுக்கி. அந்தக் காலத்தில் முடுக்கி என்றாலே 3டிஎஃப்எக்ஸ்தான், அவர்களுடைய வூடூ அட்டைதான். அந்தக் கம்பெனி ஏன் படுத்தது என்பதில் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சொல். தானே விரைந்தால் முடுகு, இன்னொன்றை விரையவைத்தால் முடுக்கு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. யாப்பு படித்தவர்களுக்கு ‘முடுகு’ பழக்கமானதுதான், கலிப்பாவில் வேகமாக ஓடுகிற அராகம் என்ற உறுப்புக்கு முடுகியல் என்றே இன்னொரு பெயர் உண்டு. ‘மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டன’ என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். மூலை முடுக்கில் வரும் முடுக்கு வேறு, அது சந்து. இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘முடுக்கம்’ என்கிறது, இலங்கையில் ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அங்கே அமர்முடுகல், எனக்கு இந்த ஜோடி ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன், ‘செலெர்’ என்றால் விரைவான.

ஆக, முடுக்கி என்பது இன்னொன்றை விரட்டுகிற சாமான். முக்கிய வேலை வேறெங்கோ நடக்கும், இது பக்கத்தில் நின்று கைகொடுக்கும். கம்ப்யூட்டரிலும் அதே பொருளில்தான் வந்தது. எஸ்3 கம்பெனி 1991இல் விட்ட 911 என்ற சில்லு, அதாவது சிப் (போர்ஷே காரின் நினைவாக வைத்த பெயர்), விண்டோஸ் திரையில் பெட்டியும் கோடும் வரைகிற வேலையை கம்ப்யூட்டரின் மையச் செயலியிடமிருந்து (சிபியு) வாங்கிக்கொண்டது. அதே எஸ்3 பிறகு 3டிக்காக விட்ட வர்ஜ் சில்லோ, பல விளையாட்டுகளில் அது இல்லாமலே வேகமாக ஓடும் என்கிற அளவுக்கு மந்தம், அதனால் ‘டீசெலரேட்டர்’ என்று கேலிப்பெயர் வாங்கியது. இலங்கை வழக்கில் சொன்னால் அமர்முடுக்கி!

அந்த இடத்தில்தான் 3டிஎஃப்எக்ஸ் நுழைந்தது. சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ராஸ் ஸ்மித், கேரி டரோல்லி, ஸ்காட் செல்லர்ஸ் மூவரும் 1994இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. முதல் குறி ஆர்கேடு விளையாட்டுக் கூடங்கள்தான், வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படியாகாத விலை. 1996இல் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது, அப்புறம் கதையே மாறிவிட்டது. 4 எம்பி நினைவகத்தோடு வூடூ கிராபிக்ஸ் அட்டைகள் கடைக்கு வந்தன.

இந்த அட்டையால் சாதாரணத் திரையைக் காட்டவே முடியாது. 2டி வேலைக்கு ஏற்கெனவே இருக்கிற அட்டை அப்படியே இருக்க வேண்டும், அதன் பின்புறத்திலிருந்து ஒரு குட்டி கேபிள் வூடூவுக்குப் போகும், வூடூவிலிருந்து இன்னொரு கேபிள் மானிட்டருக்கு. விண்டோஸில் இருக்கும்வரை வூடூ சும்மா படத்தைக் கடத்திவிட்டு உட்கார்ந்திருக்கும், விளையாட்டைத் திறந்ததும் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஆர்கிட் கம்பெனியின் ரைச்சியஸ் 3டி அட்டையில் இந்த மாற்றத்துக்கு நிஜமான ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் இருந்தது, பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று சத்தம் கேட்கும். பேர் சொல்லும்படியான முடுக்கி!

வூடூ என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் பக்கம் பேசப்படும் ஃபோன் மொழியில் ‘வோடுன்’ என்றால் தெய்வம், ஆவி. அடிமைக் கப்பல்களில் கொண்டுபோகப்பட்ட மக்களோடு ஹெய்ட்டிக்கும் லூசியானாவுக்கும் போய் ஆங்கிலத்தில் வூடூ ஆனது. ‘பில்லி சூனியம்’ என்று மொழிபெயர்ப்பது தப்பு, அது ஒரு முழுச் சமயம். அட்டையின் பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

1998இல் வந்த வூடூ2தான் உச்சம். இரண்டு அட்டைகளை இணைத்துப் போட்டால் ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரையும், இதற்கு ‘ஸ்கேன் லைன் இன்டர்லீவ்’ என்று பெயர், சுருக்கமாக எஸ்எல்ஐ. தமிழில் வரிப் பகிர்வு எனலாம். 2டி அட்டையையும் சேர்த்தால் மூன்று இடம் போச்சு, ஆனாலும் வாங்கினார்கள், ஏனென்றால் அந்த வேகத்துக்குக் கிட்டே வர ஆளில்லை.

சரி, பிறகு ஏன் விழுந்தது? சறுக்கல்கள் முன்பே உண்டு. 2டியையும் 3டியையும் சேர்த்துத் தந்த வூடூ ரஷ் சுமார்தான். 1997இல் பங்குச்சந்தைக்கு வரும்போது சேகாவின் அடுத்த விளையாட்டுக் கருவிக்குச் சில்லு செய்கிற ஒப்பந்தம் ஆவணங்களில் வெளியே வந்தது, கொஞ்ச நாளில் சேகா வேறு சில்லுக்குப் போய்விட்டது. ஆனால் கழுத்தை அறுத்தது எஸ்டிபி சிஸ்டம்ஸ் என்ற அட்டைக் கம்பெனியை வாங்கியது என்றே நினைக்கிறேன். அதுவரை 3டிஎஃப்எக்ஸ் சில்லு மட்டும் செய்தது, அட்டையாக்கி விற்றது டயமண்ட், கிரியேட்டிவ் போன்றவர்கள். 1998 டிசம்பரில் எஸ்டிபியை வாங்குவதாக அறிவித்து, இனி அட்டையும் நாமே என்றார்கள். வாடிக்கையாளர்களையே போட்டியாளர்களாக்கிவிட்டார்கள், அவர்கள் நேராக போட்டிச் சில்லுக் கம்பெனியான என்விடியாவிடம் போனார்கள். மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலையைக் கட்டி மேய்க்கிற சுமை வேறு, சில்லு வடிவமைக்கிற கம்பெனிக்கு அது எதற்கு?

இதற்கிடையில் என்விடியா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு சில்லு விட்டுக்கொண்டிருந்தது. 1999இன் வூடூ3 வேகமானதுதான், ஆனால் விளையாட்டில் 16 பிட் நிறம்தான், அதாவது 65,536 நிறங்கள். எதிரில் என்விடியாவின் டிஎன்டி2 32 பிட்டில் வரைந்தது. அடுத்த தலைமுறைக்கென்று 3டிஎஃப்எக்ஸ் நெடுநாளாகச் செய்த ரேம்பேஜ் சில்லு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256. ஒரு 3டி காட்சி என்பது ஆயிரக்கணக்கான முக்கோணங்கள். ஒவ்வொரு முனையும் திரையில் எங்கே விழும், அங்கே வெளிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுவது அதுவரை மையச் செயலியின் வேலை, உள்ளே நிறம் நிரப்புவது மட்டும் முடுக்கியின் வேலை. ஜிஃபோர்ஸ் அந்தக் கணக்கையும் தானே எடுத்துக்கொண்டது. இனி இது கைகொடுக்கிற ஆள் இல்லை, தனிச் செயலி என்று காட்டத்தான் என்விடியா ‘ஜிபியு’ (கிராபிக்ஸ் பிராசசிங் யூனிட்) என்ற பெயரைத் தூக்கிப் பிடித்து, உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்தது. சோனியின் பிளேஸ்டேஷனில் 1994இலேயே அந்தச் சொல் இருந்தது, அது வேறு விஷயம். 3டிஎஃப்எக்ஸின் பதில் 2000இல் தாமதமாக வந்த வூடூ5 5500, ஒரே அட்டையில் இரண்டு சில்லு, முனைக் கணக்கு இன்னும் மையச் செயலியிடமே. நான்கு சில்லும் வெளியே தனி மின் அடாப்டருமாகச் செய்த 6000 கடைக்கே வரவில்லை. அதாவது கடைசிவரை முடுக்கிதான் செய்தார்கள், இன்னும் பெரிய முடுக்கி.

2000 டிசம்பர் 15 அன்று, 7 கோடி டாலர் ரொக்கமும் என்விடியாவின் 10 லட்சம் பங்குகளும் விலையாகப் பேசி, சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2002 அக்டோபரில் திவால். எஸ்எல்ஐ என்ற மூன்று எழுத்தை என்விடியா 2004இல் ‘ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ்’ என்று வேறு விரிவு கொடுத்து மறுபடி விற்றது.

எழுதும்போது எதைப் போடுவது? வூடூ, வூடூ2 போன்றவற்றுக்கு முடுக்கி பொருந்தும். பொதுவாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு வரைகலை அட்டை. ஜிபியுவுக்கு ‘வரைகலைச் செயலி’ சரிதான், ஆனால் மொபைல் ஆப்புக்கும் செயலி என்றே எழுதுகிறோம், அதனால் ‘வரைகலை’யை விட்டுவிட்டு வெறும் செயலி என்று எழுதினால் குழம்பும். ‘செயலகம்’ என்று போட்டால் கோட்டை நினைவுக்கு வரும். நான் ஜிபியு என்றே எழுதிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்று வரும் சில்லுகளை இப்போது மறுபடியும் ஆக்சிலரேட்டர் என்கிறார்கள், அங்கே முடுக்கியைத் தயங்காமல் போடலாம்.